வாசிக்காத பிடில்

உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு வாசகர் கார்டு போட்டிருக்கிறார். செவ்வாய்க்கிழமை வந்தது. குண்டு குண்டான எழுத்து.

"சென்ற ஞாயிறு கதீட்ரல் கச்சேரிக்கு வந்திருந்தேன். கடைசி வரிசையில் பிடிலும் கையுமாகத் தங்களைக் கண்டேன். ஏழு வருஷமாகத் தாங்கள் அந்த ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பதாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சொன்னார். பஸ்ஸில் குடையை விட்டுவிட்டு வந்ததைக்கூடப் பத்திரிகையில் ஒரு பக்கம் எழுதுகிற தாங்கள், இதைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே, ஏன்? தன்னடக்கமா?"

தன்னடக்கம் இல்லை ஐயா. வெட்கம்.

ஏழு வருஷமாக ஆர்க்கெஸ்ட்ராவில் இருந்தது உண்மை. வாசித்தேனா என்பது... அதுதான் கொஞ்சம் விவகாரம். கேட்டுவிட்டீர்கள். சொல்லிவிடுகிறேன்.

முதலில் எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா. முப்பத்தோரு பேர். யாருக்கும் இது பிழைப்பு இல்லை. மில் இன்ஜினீயர், காலேஜ் லெக்சரர், பல் டாக்டர், ஜவுளிக்கடைக்காரர், போத்தனூர் ரயில்வே காலனி ஆட்கள் — இப்படிப் பலபட்டறை. சனிக்கிழமை தோறும் கதீட்ரல் பங்குப் பள்ளிக்கூடத்துத் தகரக் கொட்டகையில் ஒத்திகை. வருஷத்துக்கு இரண்டே கச்சேரி. கிறிஸ்துமஸுக்கு முன்னால் ஒன்று, ஈஸ்டர் கழிந்து ஒன்று. இரண்டும் கதீட்ரலில்தான்.

பங்குச் சாமியார் இரண்டு நிபந்தனைகள் வைத்திருந்தார். கோயிலுக்குப் பொருந்துகிற இசையைத்தான் வாசிக்க வேண்டும். யாரும் கை தட்டக் கூடாது.

இரண்டாவது நிபந்தனை எவ்வளவு சௌகரியம் என்பது என்னைப் போன்றவனுக்குத்தான் தெரியும். கைதட்டலே கிடையாது என்றால், நமக்கு அது கிடைக்கவில்லை என்பதும் தெரியாது, இல்லையா?

எங்களை நடத்துகிறவர் மிஸ்டர் ராட்ரிக்ஸ். போத்தனூர்க்காரர். ஆங்கிலோ இந்தியர். முப்பது வருஷம் ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயரானவர். "கார்டா இருந்தவன் இப்ப கண்டக்டர். பிரமோஷனா, டிமோஷனா, சொல்லு மேன்?" என்று அவரே கேட்டு அவரே சிரிப்பார். ஒத்திகைக்கு ஒரு நிமிஷம் பிந்தி வந்தால் சிரிப்பு நின்றுவிடும்.

நான் மோட்டார் பம்பு கம்பெனி ஒன்றில் கடிதம் எழுதுகிற குமாஸ்தா. சின்ன வயதில் வர்ணம் வரைக்கும் பிடில் கற்றுக்கொண்டேன். அதற்கப்புறம் பிடில் பெட்டிக்குள் போய்விட்டது. ஏழு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூட வாசலில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். ‘பிடில் வைத்திருப்பவர்கள் தேவை’ என்று போட்டிருந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் என்று போடவில்லை. எனக்கு அந்த நோட்டீஸ் பிடித்துவிட்டது.

தரையில் சம்மணம் போட்டு வாசிக்கப் பழகியவனை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். முன்னால் ஒரு ஸ்டாண்டில் நொட்டேஷன் காகிதம். ஐந்து கோடு; கோடு முழுக்க எறும்பு. பக்கத்து நாற்காலியில் பல் டாக்டர். அவர் அந்த எறும்புகளைப் பார்த்து விறுவிறுவென்று வாசித்துக்கொண்டு போனார். நான் என்ன செய்வது? அவர் வில் மேலே போனால் என் வில்லையும் மேலே கொண்டுபோனேன். கீழே வந்தால் கீழே. தந்திக்கு மேல் ஒரு மயிரிழை உயரத்தில்... படாமல்.

கற்றுக்கொள்கிற வரைக்கும்தான் இப்படி என்று நினைத்தேன். ஒரு மாதம் என்று நினைத்தேன். நண்பர்களே, தற்காலிக ஏற்பாடு என்பதைப் போல நிரந்தரமானது உலகத்தில் வேறொன்று உண்டா?

சுலபமான இடங்களில் மெதுவாக வாசிப்பேன். கஷ்டமான இடங்களில் காற்றில் இழுப்பேன். போகப் போக, சுலபமான இடங்களிலும் காற்றே போதும் என்று ஆகிவிட்டது. ஒரு தடவை பல் டாக்டர், "சாருக்கு ரொம்ப ஸாஃப்ட் டோனுங்க" என்று பாராட்டினார். நன்றி சொன்னேன்.

என்னைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். பஜனையில் நாலாவது வரிசையில் உட்கார்ந்து வாயை மட்டும் அசைத்ததில்லையா நீங்கள்? ஆபீசில் மானேஜர் சொன்னது புரியாமலே மற்றவர்களோடு சேர்ந்து தலையாட்டியதில்லையா? கூட்டத்துக்கு நடுவில் ஒருவன் சும்மா இருந்தால் யாருக்கு நஷ்டம்? இப்படித்தான் நான் சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

யாருக்கு நஷ்டம் என்பது போன கிறிஸ்துமஸ் கச்சேரியில் தெரிந்தது.

எனக்கு நேர் பின்னால் டிரம். செம்புக் கொப்பரை மாதிரி இரண்டு, மேலே தோல் போர்த்தியது. அதை வாசிப்பவர் ரங்கசாமி. சிங்காநல்லூர் பக்கம் ஒரு மில்லில் தறி மேஸ்திரி. யுத்த காலத்தில் பட்டாளத்து பேண்டில் இருந்தவர். நொட்டேஷன் நன்றாகப் படிப்பார். ஐம்பதை நெருங்குகிற வயது, கட்டையான உடம்பு, அதிகம் பேச மாட்டார். ‘வாரேனுங்க’ என்று வருவார், ‘வாரேனுங்க’ என்று போவார். நடுவில் டிரம்தான் பேசும்.

அன்றைக்கு ஒரு பாட்டில் புல்லாங்குழல் மட்டும் தனியாக வாசிக்கிற இடம் வந்தது. லெக்சரர் அம்மாள் வாசித்தார்கள். நாற்பது பார், அதாவது நாலு நாலு அடியாக நாற்பது சுற்று, நாங்கள் எல்லாம் சும்மா இருக்க வேண்டும். வில்லைத் தொடைமேல் வைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பத்தொன்றில் பிடில்களும் டிரம்மும் ஒன்றாக இறங்க வேண்டும். நான் எண்ணுகிற வழக்கம் இல்லை. எண்ணுவதற்குப் பல் டாக்டர் இருக்கிறார் அல்லவா? அவர் எடுத்தால் நானும் எடுப்பேன்.

கோயில் நிசப்தமாக இருந்தது. குழல் ஓசை மேலே கூரை வரைக்கும் போய்த் தாழ்ந்து வந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் பிஷப் மேற்றிராணியார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபதோ இருபத்தைந்தோ பார் போயிருக்கும். பல் டாக்டர் பிடிலைத் தூக்கினார். நானும் தூக்கினேன். வில்லை உயர்த்தி, பிரமாதமாக ஒரு இழுப்பு இழுத்தேன். காற்றில்தான்.

பல் டாக்டர் பிடிலைத் தூக்கியது மடியில் இருந்த கைக்குட்டையை எடுக்க.

நான் வாசிக்காதவன். அதனால் என்னிடமிருந்து சத்தம் வரவில்லை. ரங்கசாமி வாசிக்கிறவர். சத்தம் வந்தது.

இடி என்றால் இடி. கதீட்ரலில் ஒரு சத்தம் எழுந்தால் லேசில் அடங்காது. தூணில் மோதி, சுவரில் மோதி, மேலே போய்த் திரும்பி வரும். ஒரு குழந்தை வீறிட்டது. புறாக்கள் படபடவென்று பறந்தன. மேற்றிராணியார் கண்ணைத் திறந்தார். லெக்சரர் அம்மாள் பாவம், குழலை உதட்டிலிருந்து எடுக்கவே எடுத்துவிட்டார்கள். பிறகு எங்கேயோ பிடித்து, எப்படியோ முடித்தார்கள்.

திரும்பிப் பார்த்தேன். ரங்கசாமி இரண்டு குச்சிகளையும் மடியில் போட்டுவிட்டு, தோலின் அதிர்வை இரண்டு உள்ளங்கையாலும் அழுத்திப் பிடித்திருந்தார். நெருப்பை அணைக்கிற மாதிரி.

கச்சேரி முடிந்ததும் பின்பக்கம், எல்லோரும் பெட்டி கட்டுகிற இடத்தில், மிஸ்டர் ராட்ரிக்ஸ் அவர் முன்னால் போய் நின்றார். கத்தவில்லை. "என்ன ஆச்சு மேன்?" என்றார்.

ரங்கசாமி அவர் முகத்தையே பார்த்தார். "தூங்கிப்போட்டனுங்க. நைட் ஷிப்ட்டு பாத்துப்போட்டு நேரா வந்தனுங்க. திடுக்குனு முழிச்சு அடிச்சுப்போட்டனுங்க."

"டிரம்காரன் தூங்கலாமா?"

"தப்புத்தானுங்க."

"ஈஸ்டருக்கு வேற ஆள் பாக்க வேண்டி வரும், ரங்கசாமி."

"சரீங்க."

அவ்வளவுதான். நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? குனிந்து என் பிடிலைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தேன். ரொம்ப நேரம் வைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் குச்சிகளை நாற்காலியிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். அதை எடுத்துக்கொண்டு அடுத்த ஞாயிறு காலை சிங்காநல்லூர் போனேன். குச்சியைக் கொடுக்கத்தான் போனேன் என்று என் மனைவி சரோஜாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். எனக்கும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன்.

மில் லைன் வீடு. வாசலில் அவருடைய சம்சாரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். ரங்கசாமி உள்ளே முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். "ரங்கசாமி" என்றேன். திரும்பவில்லை. இன்னும் கொஞ்சம் சத்தமாகக் கூப்பிட்டேன்.

அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "கூப்புட்டா ஆகாதுங்க. முன்னாடி போயி நில்லுங்க" என்றார்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் பிடித்தது.

முன்னால் போய் நின்றேன். மனுஷன் பதறி எழுந்து, கையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டார். குச்சிகளைக் கொடுத்தேன். வாங்கி ஓரமாக வைத்தார்.

"காது..." என்று இழுத்தேன்.

சம்சாரத்தை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, மறைத்துப் பிரயோஜனம் இல்லை என்று தோன்றியிருக்க வேண்டும். "நாலு வருசமாச்சுங்க. தறிச் சத்தமுங்க. முதல்ல குருவி கத்தறது போச்சு. அப்புறம் பிடிலு, குழலு எல்லாம் போச்சு. இப்ப என்ற பொண்ணு பேசறதே கேக்கறதில்லீங்க. வாயப் பாத்துத் தெரிஞ்சுக்கறது."

"மில்லில் ஒன்றும் சொல்லவில்லையா?"

சிரித்தார். "தறிக்குள்ள யாருக்குங்க காது கேக்குது? அங்க எல்லாருமே வாயப் பாத்துத்தானுங்க பேசறது."

"டிரம் மட்டும்?"

"அது கேக்குதுங்க. காதுல கேக்குதா நெஞ்சுல கேக்குதான்னு தெரியல. ஆனாக் கேக்குது. எனக்குன்னு மிச்சமிருக்கற சங்கீதம் அது ஒண்ணுதானுங்க."

அதற்கப்புறம் கேட்க வேண்டியதைக் கேட்டேன். பிடிலும் குழலும் கேட்காதவர் இத்தனை நாள் எப்படி இடம் தவறாமல் அடித்தார்?

"கொட்டாயில கண்டக்டரப் பாத்து அடிப்பனுங்க. கோயில்ல தூணு மறைக்குதுங்களே. டிரம்ம வேற பக்கம் வெக்கவும் எடமில்லீங்க. தூணுக்கு இக்கட்ட, இந்தப் பக்கத்துல, எனக்குத் தெரியறது உங்க வலது கை ஒண்ணுதானுங்க. அதப் பாத்துத்தான் நாலு வருசமா அடிக்கறனுங்க."

என் வலது கையைத் திருப்பிப் பார்த்தேன்.

"மத்தவிய கையி நோட்டுல தடுமாறுமுங்க. உங்க கையி தடுமாறவே தடுமாறாதுங்க. ஒரே சீராப் போகும்."

ஏன் தடுமாறாது என்று எனக்கல்லவா தெரியும்? தண்ணீரே இல்லாத ஆற்றில் நீச்சலடிக்கிறவனைச் சுழல் என்ன செய்யும்?

"அப்படியானால் அன்றைக்கு... என் கையைப் பார்த்து அடித்தேன் என்று ஏன் சொல்லவில்லை?"

"சொன்னா உங்களயில்லீங்களா திட்டுவாரு? நீங்க ஒருக்கா கணக்கு விட்டுப்போட்டீங்க. அது மனுசனுக்கு நடக்கறதுதானுங்க. எனக்கு அப்படியில்லீங்களே. காது. இன்னிக்கில்லீன்னா நாளைக்குத் தெரியத்தானே போகுது."

சொல்லிவிட்டேன். கணக்கு விடவில்லை, ரங்கசாமி. நான் கணக்குப் போட்டதே இல்லை. வாசித்ததும் இல்லை. ஏழு வருஷமாகக் காற்றில்தான் இழுக்கிறேன்.

அவர் என் உதட்டையே பார்த்தார். சரியாகப் படித்தோமா என்று சந்தேகம் வந்துவிட்டது போலிருக்கிறது. சம்சாரத்தின் பக்கம் திரும்பி, "என்ன சொல்றாரு?" என்றார்.

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். பிறகு நிறுத்தி நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாக வாயை அசைத்துச் சொன்னார்: "அவரு வாசிக்கறதே இல்லையாமா. சும்மா ஆட்டறாராமா."

ஒரு தடவை ஒப்புக்கொள்வதே கஷ்டம். அதை இன்னொருவர் வாயால், எழுத்துக் கூட்டி, நேரில் உட்கார்ந்து கேட்டிருக்கிறீர்களா?

ரங்கசாமி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்புகிறவரைப் போல, "அப்புறம் எதுக்குங்க வர்றீங்க?" என்று கேட்டார்.

யோசித்தேன். என்னென்னவோ பொய் தோன்றியது. கடைசியில், "நடுவில் உட்கார்ந்து கேட்பதற்கு" என்றேன். அது உண்மை. முப்பது பேர் சுற்றி உட்கார்ந்து வாசிக்க, அந்தச் சத்தத்துக்கு உள்ளே இருக்கிற சுகம் டிக்கெட் வாங்கி எதிரில் உட்கார்ந்தால் கிடைக்காது.

அவர் தலையை ஆட்டினார். "அதுக்குத்தானுங்க நானும் வாரது" என்றார்.

அங்கிருந்து வீட்டுக்குப் போகவில்லை. நேராகப் போத்தனூர் போனேன்.

மிஸ்டர் ராட்ரிக்ஸ் ரோஜாச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். ரங்கசாமியின் காதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருந்தேன். ‘சொல்லிப்போடுங்க, மறைச்சு மறைச்சு சலிச்சுப்போச்சுங்க’ என்றிருந்தார்.

முதலில் என் விஷயத்தைச் சொன்னேன். மிஸ்டர் ராட்ரிக்ஸ் பூவாளியைக் கீழே வைக்கக்கூட இல்லை. "தெரியும் மேன்."

"தெரியுமா?"

"முப்பது வருஷம் குட்ஸ் வண்டியில போயிருக்கேன். எந்த வேகன் லோடோட போகுது, எது காலியாப் போகுதுன்னு சத்தத்துலயே சொல்லுவேன். நீ வந்த முதல் மாசமே தெரியும்."

"பின்னே ஏன் வைத்திருந்தீர்கள்?"

"டயத்துக்கு வர்றே. நாற்காலி எடுத்துப் போடறே. உன் வில்லு மத்தவங்க வில்லோட ஒண்ணாப் போகுது. பாக்க நல்லா இருக்கு."

ஏழு வருஷ கலைச் சேவைக்குச் சான்றிதழ்.

அடுத்து ரங்கசாமியின் காதைச் சொன்னேன். பூவாளி கீழே வந்தது. மனுஷர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பப் போட்டுக்கொள்ளவில்லை. "நாலு வருஷமா? நான் கவனிக்கலையே" என்றார். அவர் குரல் மாறிவிட்டது. அன்றைக்குப் பின்பக்கம் பேசியது நினைவு வந்திருக்கும்.

"ஈஸ்டருக்கு வேறு ஆள் வேண்டாம் சார்" என்றேன்.

"காது கேக்காதவரை வெச்சு எப்படி மேன்? தூணை எடுக்க முடியுமா? கோயில் விழுந்துடும்."

சற்று நேரம் ரோஜாச் செடியையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது.

"வண்டியில நான் கடைசிப் பெட்டி. டிரைவர் முதல்ல. நான் கத்தினா அவனுக்குக் கேக்குமா? கேக்காது. கொடியைத்தான் பாப்பான். முப்பது வருஷம் என் கொடியைப் பாத்துத்தான் ஒவ்வொரு டிரைவரும் வண்டியை எடுத்தான். ஒருத்தனும் காது கேக்கணும்னு சொல்லலை." என் பக்கம் திரும்பினார். "ரங்கசாமிக்கு நீதான் கொடி. கொடி பொய் சொல்லக் கூடாது மேன்."

"வாசிக்கக் கற்றுக்கொள்கிறேன் சார்."

"எல்லாம் கத்துக்க முடியாது. உனக்கு வயசாச்சு. தெரிஞ்சதை வாசி. தெரியாத இடம் வந்தா வில்லைக் கீழ வை. ஆனா எண்ணு. காத்துல மட்டும் இழுக்காதே."

வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த உபதேசங்களில் இதுதான் சின்னது. இதுதான் கஷ்டமானதும்.

மறுநாள் வீட்டில் பெட்டியைத் திறந்து பிடிலை எடுத்தேன். சரோஜா சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏழு வருசமா ஆர்க்கெஸ்ட்ராவுக்குப் போறீங்க, ஒரு நாளும் ஊட்டுல வாசிச்சுப் பாக்கறதில்லையேன்னு நெனச்சிருக்கனுங்க" என்றாள். "அவ்வளவு கெட்டிக்காரரோன்னு நெனச்சுக்கிட்டேன்."

அவளிடமும் சொன்னேன். மூன்றாவது தடவை என்பதால் கொஞ்சம் சுலபமாக வந்தது. அன்று சாயங்காலம் ஒரு கிண்ணம் நிறையப் புளியங்கொட்டையோடு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எத்தனை எண்ணோணும்னு சொன்னீங்க?"

"நாற்பது."

சுவர்க் கடிகாரத்தின் பெண்டுலத்தைப் பார்த்து, நாலு ஆட்டத்துக்கு ஒரு கொட்டையாகச் சத்தமில்லாமல் தட்டில் வைத்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டு எண்ண வேண்டும். நாற்பது என்று நான் சொன்னபோது தட்டில் முப்பத்துநாலு இருந்தது. அடுத்த தடவை நாற்பத்தேழு. "டிரம்காரர் பாவமுங்க" என்றாள். அன்று தொடங்கி, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் முடிகிற வரைக்கும் எங்கள் வீட்டில் இதுதான். கிறிஸ்தவர்கள் உபவாசம் இருந்தார்கள். நாங்கள் புளியங்கொட்டை எண்ணினோம். மூன்றாவது வாரம் தட்டும் நானும் ஒத்துப்போக ஆரம்பித்தோம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தனூர். மிஸ்டர் ராட்ரிக்ஸ் ஒவ்வொரு எறும்பாகக் காட்டிச் சொல்லிக் கொடுத்தார். ரயில் போகும்போது பாடத்தை நிறுத்திவிடுவார். போனதும், "பாரம் ஏத்தின வண்டி. கேட்டியா?" என்பார். விரல் நுனி நாலும் கொப்பளித்து, உடைந்து, காய்த்துப் போயின. ஆபீசில் ஒருவர் கையைப் பார்த்துவிட்டு, "வீட்டுல கிணறு வெட்டறீங்களா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு ரங்கசாமி வந்தார். எல்லோருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. மிஸ்டர் ராட்ரிக்ஸ் எல்லோருக்கும் முன்னால் அவரிடம் போய், முகத்துக்கு நேராக நின்று, "அன்னைக்கு நான் பேசினது தப்பு" என்றார். ரங்கசாமி கூச்சத்தில் நெளிந்தார். "உடுங்க சார்" என்றார். லெக்சரர் அம்மாள் மட்டும், "இந்தத் தடவை முழுசா வாசிக்க விடுவீங்களா, அண்ணா?" என்று கேட்டார்கள். அவர்களும் வாயை நன்றாகத் திறந்துதான் கேட்டார்கள். அவர் என்னைக் காட்டி, "அவரு விட்டா நானும் விடறனுங்க அம்மணி" என்றார். எல்லோரும் சிரித்தோம். என் சிரிப்பில் கொஞ்சம் பயம் இருந்தது.

கிறிஸ்துமஸில் அரைகுறையாக முடிந்த அதே பாட்டையே ஈஸ்டர் கச்சேரிக்கும் வைத்தார் மிஸ்டர் ராட்ரிக்ஸ். வேண்டுமென்றேதான்.

சென்ற ஞாயிறு. கதீட்ரல் நிறைந்திருந்தது. அதே தூண், அதே நாற்காலி. ஆரம்பமே வேகமான இடம். வில்லைத் தந்தியில் வைத்து அழுத்தினேன். ஐயா, சத்தம் வந்தது. என்னிடமிருந்து. பல் டாக்டர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். ஏழு வருஷம் காலியாகக் கிடந்த பக்கத்து வீட்டில் திடீரென்று விளக்கு எரிந்தால் எப்படிப் பார்ப்போம், அப்படி. நாலு இடத்தில் பிசகினேன். இரண்டு இடத்தில் வில்லைக் கீழே வைத்துவிட்டேன். காற்றில் இழுக்கவில்லை.

பிறகு குழல் தொடங்கியது.

ஒன்று. இரண்டு. மூன்று... பல் டாக்டர் இருமினார், நான் பார்க்கவில்லை. பதினெட்டு. பத்தொன்பது. எங்கேயோ ஒரு குழந்தை செருப்பைத் தட்டியது. இருபத்தாறு. நெற்றி வேர்வை கண்ணில் இறங்கி எரிந்தது, துடைக்கவில்லை. துடைக்கக் கையைத் தூக்கினால் பின்னால் ஒருவர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். முப்பத்து மூன்று. குழல் மெல்லத் தேய்ந்துகொண்டே போனது. அந்த அம்மாள் அவ்வளவு அழகாக வாசிப்பார்கள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஏழு வருஷத்தில் அன்றுதான் எண்ணிக்கொண்டே கேட்டேன். எண்ணிக்கொண்டே கேட்டால்தான் சங்கீதம் முழுசாகக் கேட்கும் போலிருக்கிறது.

முப்பத்தொன்பது. நாற்பது.

வில்லைத் தூக்கி, தந்தியில் இறக்கினேன்.

பின்னால் டிரம் இறங்கியது. அடி இல்லை அது. தூரத்து மலையில் மழை தொடங்குகிற மாதிரி ஒரு உறுமல். நாற்காலிக் கால் வழியாக ஏறி, முதுகெலும்பு வழியாக, என் பிடிலுக்குள்ளேயே வந்து சேர்ந்தது. மிஸ்டர் ராட்ரிக்ஸ் என்னைப் பார்க்கவில்லை. அவர் கண்கள் மூடியிருந்தன. ஆனால் இடது கையை லேசாக உயர்த்தினார். வண்டி போகலாம் என்கிற மாதிரி.

கச்சேரி முடிந்தது. வழக்கம்போல யாரும் கை தட்டவில்லை. ஆனால் கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவும் இல்லை.

டிரம்முக்குத் துணி போர்த்திக்கொண்டிருந்த ரங்கசாமியிடம் போனேன். அவரே பேசினார். "இன்னிக்கு உங்க கையி நல்லாத் தடுமாறுச்சுங்க" என்றார். "அப்பத்தானுங்க தைரியம் வந்துது."

"இன்னும் எத்தனை நாளைக்கு ரங்கசாமி?" காதைத்தான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

அவர் தோளைக் குலுக்கினார். "கேக்கற வரைக்கும் அடிக்கலாமுங்க."

வெளியே காம்பவுண்டில் எல்லோருக்கும் காபி. கூட்டத்தில் ஒரு பெரியவர், வேட்டியும் தோள்மேல் துண்டுமாக, தம்ளரோடு என் பக்கத்தில் வந்து நின்றார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருப்பவராம். இந்த மாதிரிக் கச்சேரி கேட்பது இதுதான் முதல் தடவையாம். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. பிடில் பெட்டியைச் சரோஜா வைத்திருந்தாள்.

"நல்லா இருந்துதுங்க" என்றார். "அந்தக் கொழலு, அப்பறம் அந்த டிரம்மு... அது எறங்குச்சு பாருங்க, ஒடம்பு சிலுத்துப்போச்சுங்க."

"ஆமாங்க" என்றேன்.

ஒரு வாய் காபி குடித்தார். மனசில் பட்டதைச் சொல்லாமல் இருக்க முடியாதவர் போலிருக்கிறது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணே ஒண்ணுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க. பின்னால கடைசியில ஒரு பிடிலு மட்டும் அங்கங்க பிசிறடிச்சுதுங்க. உங்க காதுல உழுந்துதுங்களா?"

சரோஜா அவசரமாக வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அது நான்தானுங்க" என்றேன். அதைச் சொல்வதில் எனக்கு வந்த பெருமையைப் பார்த்துவிட்டு, பெரியவர் பயந்துபோய் இரண்டடி நகர்ந்து நின்றுகொண்டார்.